தலைவருக்கு வந்த அருள்

பன்விலையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் சண்முகநாதன், காலையில் வேட்டி கட்டுவதற்கு முன் கட்டிலில் ஒருமுறை மல்லாந்து படுப்பார். வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம்போல் புடைத்திருக்கும் வீக்கம், படுத்தால் உள்ளே போய்விடும். அதன்மேல் பட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தால் ஊர் அம்மன் கோயிலின் தலைவர் தயார். இருமினால் மறுபடி வெளியே வரும். ஆகையால் தலைவர் பொது இடங்களில் இருமுவதில்லை.

மனைவி பாப்பம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் டொக்டர் மஸாஹிராவிடம் ஒருதரம் காட்டினார்.

"இது குடலிறக்கம். வயித்துச் சதையில ஒரு இடம் பலவீனமாகி, அந்த வழியா குடல் வெளிய தள்ளுது. பட்டி கட்டினா மறையும், மாறாது. இதுக்குக் குளிசை மருந்தும் இல்ல. ஒபரேசன் செஞ்சு வலை வச்சுத் தைக்கணும். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க. உள்ள போகாம கல்லு மாதிரி நின்னு, வலியும் வாந்தியும் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்."

"திருவிழா முடியட்டும்" என்றார் தலைவர். அம்மன் பல்லக்கின் முன் தண்டைத் தூக்குவது தலைவரின் உரிமை. விட்டுக்கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் வியாதி என்று ஊர் நடுவே எப்படிச் சொல்வது?

திருவிழா அன்று, தேயிலை மலை ஏற்றத்தில் பல்லக்குத் திரும்பும்போது தலைவர் அலறிக் குனிந்தார். உடம்பு நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது.

"தலைவருக்கு அருள் வந்திருச்சு!" என்று கத்தினார் செயலாளர் ரவிகுமார். தவில் வேகமெடுத்தது. யாரோ திருநீற்றை அள்ளிப் பூசினார்கள்.

"சொல்லு தாயீ, என்ன கொறை வச்சோம்?"

ஊரே கை கூப்பி நின்றது. இத்தனை வருடத் தலைமைப் பதவியில் கிடைக்காத மரியாதை. வலியோடு வலியாக அவர் அதை ஒரு கணம் அனுபவித்தார். பிறகு வேட்டிக்கு மேல் தொட்டுப் பார்த்தார். வீக்கம் கல்லாக இருந்தது. குமட்டியது.

பாப்பம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"அருளும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! குடல் வெளிய வந்து மாட்டிக்கிச்சு! த்ரீவீலர எடுங்கடா!" என்று கத்தினார் தலைவர்.

அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சுருக்கமான பேச்சு அதுதான்.

கண்டிப் பெரியாஸ்பத்திரியில் அன்றே ஒபரேசன் நடந்தது. குடலுக்கு இரத்தம் போவது நிற்க இருந்ததாகவும், இன்னும் தாமதித்திருந்தால் அழுகிய குடலை வெட்டி எடுக்க நேர்ந்திருக்கும், உயிருக்கும் உறுதியில்லை என்றும் பாப்பம்மாவிடம் சொன்னார்கள்.

தோடம்பழத்தோடு பார்க்க வந்த ரவிகுமார், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தலைவரின் காதருகே குனிந்தார்.

"தலைவரே... எனக்கும் இடது பக்கம் அதே மாதிரி ஒண்ணு. வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. வெளக்கெண்ணெ தடவுறேன், சரியாயிருமில்ல?"

தலைவர் சிரிக்கப் போய், தையல் சுண்டி இழுக்கவும் நிறுத்திக்கொண்டார்.

"என்னய்யா குசுகுசுன்னு? இந்த வார்டுக்கே கேக்கிற மாதிரி சத்தமாச் சொல்லு. கை ஒடிஞ்சா மறைக்கிறமா? இதுவும் ஒரு நோய்தான், மானக்கேடு இல்ல. நேரத்தோட டொக்டர்கிட்ட காட்டியிருந்தா எனக்கு நடந்தே வந்து நடந்தே போற ஒபரேசன். வெக்கப்பட்டு மறைச்சேன் பாரு, அதுதான் என்னைக் கொல்லப் பாத்துச்சு."