கொழுந்துப் பையில் கெமரா

பைஸர் நானாவின் பைக் கடையில் நான் இரண்டு மணித்தியாலம் நின்றேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கடை. கெமராப் பை என்று அவரிடம் இருந்தவை மூன்றே மூன்று. அந்த மூன்றையும் நான் படுத்திய பாட்டைப் பார்த்தபிறகு, நாலாவதாக ஒன்று இருந்திருந்தாலும் மனுஷன் எடுத்துக் காட்டியிருக்க மாட்டார்.

முதல் பை கறுப்பு. வெளியே கெமராக் கம்பனியின் பெயரை ஒரு சாண் உயரத்துக்கு அச்சடித்திருந்தார்கள்.

“இதப் போட்டுக்கிட்டு அக்கரப்பத்தனை பஸ்ல ஏறுனா, திருடனுக்கு நானே வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரி இல்லையா நானா?” என்றேன்.

இரண்டாவது, ஒற்றைத் தோளில் மாட்டுகிற பை. மாட்டிக்கொண்டு கடையின் படியில் நாலு தரம் ஏறி இறங்கினேன். நாலு தரமும் வார் வழுக்கி முழங்கைக்கு வந்தது. மூன்றாவது முதுகுப் பை. நல்ல பைதான். ஆனால் தரையில் மல்லாத்திப் போட்டால்தான் திறக்கலாம். எங்கள் மலையில் எந்தத் தரையில் போடுவது? மழை பெய்தால் சேறு, அட்டை. மழை விட்டாலும் அட்டை போகாது.

“தங்கச்சி, மாப்பிள்ள பாக்குறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க,” என்றார் பைஸர் நானா.

“மாப்பிள்ள சரியில்லன்னா சமாளிச்சுக்கலாம் நானா. லென்ஸுக்குள்ள தண்ணி போனா யாரு சமாளிக்கிறது?”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் அவரிடம் நான் வாங்கியது பையே இல்லை, மூன்று துண்டு ஸ்பொஞ்ச் மட்டும்தான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று அம்மா சொல்வார். இருக்கட்டுமே! அந்தக் கோபத்தில்தான் ஆறு வருஷம் வேலை செய்த ஸ்டூடியோவை விட்டு வந்தேன். மழையில் நனைந்து படம் எடுப்பது நான், படத்துக்குக் கீழே விழுவது முதலாளியின் பெயர். எத்தனை நாளைக்குப் பொறுப்பது? நான் போகிறேன் என்றதும் அவர் சிரித்தார். “ஒரு மாசம். அதுக்குள்ள திரும்பி வந்து இந்தக் கதவத் தட்டுவ பாரு,” என்றார்.

சர்மிளாவின் கல்யாணம், கிருஷாந்தி என்ற என் சொந்தப் பெயரில் நான் எடுக்கப்போகிற முதல் கல்யாணம். அக்கரப்பத்தனைக்கு மேலே அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்திருந்தார்கள். தாலி கட்டுகிற படம் மட்டும் தவறிப்போனால், அன்று பின்னேரத்துக்குள் எல்லா லயத்து வீடுகளுக்கும் செய்தி போய்விடும். அதற்குப் பிறகு என்னை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நான் அந்தக் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

பைக்கு நானே வழி கண்டுபிடித்தேன். அம்மா கொழுந்து போடுகிற நைலோன் பை ஒன்று வீட்டில் புதிதாகக் கிடந்தது. உள்ளே ஸ்பொஞ்சை வைத்துத் தைத்தேன். கெமராவுக்கு ஓர் அறை, இரண்டு லென்ஸுக்கு இரண்டு அறை, ஃப்ளாஷுக்கு ஒன்று. வாயைக் கயிற்றால் கட்டி, தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். மழைத்தண்ணீர் இறங்காது. உள்ளே கெமரா இருக்கிறதென்று எந்தத் திருடனுக்கும் தோன்றாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று பஸ் ஒரு மணித்தியாலம் பிந்தியது. முகூர்த்தம் பத்தரை வரைக்கும்தான். சந்தியில் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் கொழுந்து நிறுக்கிற மடுவம். ஓடிப்போய் அதற்குள் நின்றேன். கொழுந்தெடுக்கிற பெண்கள் காலை நிறுவைக்கு வந்து நின்றார்கள். வாசலில் கொழுந்து ஏற்றுகிற லொறி. என் காலைப் பார்த்தால் நாலு அட்டை, புடவைக் கரையெல்லாம் சேறு. இந்தக் கோலத்தில் கல்யாண வீட்டுக்குப் போக முடியுமா? பின்பக்கத்துப் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டியது. கழுவிக்கொண்டு வரலாம் என்று பையை இறக்கினேன். மடுவத்தில் ஒரு பலகை மட்டும் காய்ந்திருந்தது. அதில் வைத்துவிட்டுப் போனேன்.

லயத்தில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற வேலையா இது? அந்தப் பலகையில் ஒரு பையை வைத்தால், நிறுக்கச் சொல்லி வைத்ததாகத்தான் அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கழுவிவிட்டு வந்தேன். பலகையில் ஒரு பையும் இல்லை. லொறியும் இல்லை.

“என் பை எங்கங்க?” என்று கத்தினேன்.

கணக்கப்பிள்ளை கஜேந்திரன் கொப்பியைப் புரட்டினார். “எந்தப் பை? பலகையில இருந்தது எல்லாத்தையும் நிறுத்து ஏத்தியாச்சே. மழைன்னு பை வாயக்கூட அவுக்கல.”

“அதுல கெமரா இருக்குங்க!”

“ஒரு பைக்கு ஆள் இல்லன்னு கேட்டேன். ராசம்மாவோடதா இருக்கும்னாங்க. அஞ்சு கிலோ எழுதிட்டேன்.”

ராசம்மா அக்கா எதிரிலேயே நின்றார். அந்தத் தோட்டத்திலேயே அதிகம் கொழுந்தெடுக்கிறவர். ஆள் கொஞ்சமும் அசரவில்லை.

“ரெண்டு பை எடுத்தமா, மூணு பை எடுத்தமான்னு எனக்கே மறந்துபோச்சு ஆயி. கூட எழுதுனா வேணாம்னா சொல்ல முடியும்?” என்றார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சர்மிளாவின் கல்யாணப் படம் எடுக்க வந்தவள் நான் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

லொறி தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகிற வழியில் இருந்தது. அங்கே போனால் பைகளைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். போனில் பேசலாமென்றால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ராசம்மா அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு கல்லின் மேல் ஏறினார். வாயைக் கையால் குவித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது.

“ஏ... தனுஜாவ்! கொழுந்து லொறிய நிப்பாட்டுங்கடீ!”

எதிர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தனுஜாவின் குரல் அதையே திருப்பிக் கத்தியது. அதற்குக் கீழ் மலையிலிருந்து இன்னொரு குரல். மழைக்குள் ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் மலை மலையாக இறங்கிப் போனது. நானும் அதன் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்தடித்து ஓடினேன்.

இரண்டாவது வளைவில் பத்துப் பெண்கள் பாதையை மறித்து நின்றார்கள். லொறிச் சாரதி அஸ்லம் தலையை வெளியே நீட்டி, “என்னா இது, ஸ்ட்ரைக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன்.

“ஏறிப் பாருங்க தங்கச்சி,” என்றார் அவர்.

ஏறினால் நாற்பது பைக்கு மேல், எல்லாம் ஒரே நிறம். எவராலும் சந்தேகப்பட முடியாத பையைத் தேடித் தேடித் தைத்த என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன், கையை விட்டேன், கொழுந்தை அள்ளி வெளியே போட்டேன். என்னுடையது எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. கயிற்றை அவிழ்த்தேன். கெமரா முழுசாக இருந்தது. லென்ஸ் இரண்டும் இருந்தன. நான் கெமராவுக்கு முத்தம் கொடுத்தேன். பெண்கள் விசிலடித்தார்கள்.

“மணி பத்து பத்து. நடந்து போனா தாலி கட்டி சாப்பாடும் முடிஞ்சிரும்,” என்றார் அஸ்லம். “முன்னால வந்து ஏறுங்க. ஸ்டோர்ல கேட்டா நான் பாத்துக்கிறேன்.”

அந்தப் பெரிய லொறியை அவர் அந்தச் சின்ன வளைவில் எப்படித் திருப்பினார் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோயில் வாசலில் லொறி நிற்கும்போது உள்ளே கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, யார் காலை மிதித்தேனோ தெரியாது, மணவறைக்கு முன்னால் போய் விழாத குறையாக நின்றேன்.

மாப்பிள்ளை திலக்ஷன் தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகிறான். சர்மிளா குனிந்திருந்தாள். என்ன சத்தமென்று நிமிர்ந்தாள். சேற்றுப் புடவையும் தலை நிறையக் கொழுந்துமாக நின்ற என்னைக் கண்டாள். அவ்வளவுதான், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முதல் முடிச்சு விழுகிறது, பெண் சிரிக்கிறாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளையும் சிரிக்கிறான். “குனிடி!” என்று அவள் அம்மா பல்லைக் கடிக்கிறார். நான் விடாமல் எடுத்தேன்.

தாலி கட்டும்போது வாய்விட்டுச் சிரிக்கிற பெண்ணை அதுவரைக்கும் நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அந்தப் படம் போன் போனாகப் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. மறுவாரம் டயகமவிலிருந்து ஒருவர் பேசினார்.

“சிரிக்கிற பொண்ணு படம் எடுத்தது நீங்கதானுங்களா? எந்த ஸ்டூடியோங்க?”

“ஸ்டூடியோ எல்லாம் இல்லீங்க. கிருஷாந்தி மட்டுந்தான்.”

“அவங்கதான் வேணும்னு மக ஒத்தக்கால்ல நிக்கிது. ஆவணியில கல்யாணம். பஸ்ஸ நம்பி இருக்காதீங்க, நாங்களே லொறி அனுப்புறோம்.”

வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.