வட்டக் கட்டடத்துக்கு வந்த தட்டு

ஹாலிவுட்டில் அந்த இசைத்தட்டுக் கம்பெனியின் வட்டக் கட்டடம் எழும்பி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பார்த்தால் இசைத்தட்டுகளை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். கீழே பாட்டுப் பதிவு. மேலே, யார் பாட்டு வெளிவரலாம் என்று தீர்ப்பு. ஏழு மாசம் நாயாய் அலைந்ததில் வெர்லீனுக்கு அங்கே கிடைத்தது பத்தே நிமிஷம்.

லாண்டரியில் இஸ்திரி போடுகிறவளுக்கு அதுவே பெரிசு. தானே கட்டிய பாட்டைப் பாடி, ஒரு சின்ன ஸ்டுடியோவில் மாதிரி இசைத்தட்டு ஒன்று பதிந்து வாங்கியிருந்தாள். மேலே மெல்லிய பூச்சு. ஊசி ஓட ஓடத் தேய்ந்துவிடும். அதனால் அவளே ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்கவில்லை. துணி சுற்றி அலமாரியில் வைத்து, "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்று கணவன் ரோஸ்கோவை மிரட்டியதோடு சரி. காரணத்தைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மேல்மாடியில், பாட்டுகளைத் தேர்வு செய்யும் ஹாஸ்கெல் தட்டின் மேல் ஊசியை வைத்தார். ஒரே இரைச்சல். பொரி வறுக்கிற சத்தத்துக்குப் பின்னால் யாரோ ஒருத்தி முனகினாள்.

"எத்தனை தடவைம்மா ஓட்டினீங்க?"

"ஒரு தடவைகூட இல்லீங்க, சத்தியமா!"

"இது அம்பது தடவை ஓடின தட்டு. முதல்ல பதிஞ்ச டேப் இருக்கா?"

அந்த டேப்பை ஸ்டுடியோக்காரன் எப்போதோ அழித்து, வேறு யாரையோ ஏற்றிவிட்டான்.

"இங்கேயே பாடிக் காட்டட்டுங்களா?"

"நேர்ல எல்லாரும்தான் நல்லாப் பாடுவாங்க. தட்டுல எப்படி விழுதுன்னுதான் நாங்க பார்க்கணும். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

வாசலில் ரோஸ்கோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். சென்ட்ரல் அவென்யூவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவன்.

"என்ன புள்ள, ஆளு அசந்துட்டானா?"

"தட்டை எடுத்தியா?"

பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "கண்டுபிடிச்சிட்டியா! ரெண்டு சனிக்கிழமை கடையில போட்டேன். வந்தவன் எல்லாம் திரும்பப் போடு, திரும்பப் போடுன்னு ஒரே ரகளை. நம்ம பாதிரியாரே அழுதுட்டாரு புள்ள!"

வேண்டாதவன் செய்திருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். ஆசையாய்க் கெடுத்தவனை என்ன செய்வது?

"ஓட ஓடத் தேயுற தட்டு ரோஸ்கோ அது. உள்ளே ஒண்ணுமே இல்லை."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "நான்... எல்லாரும் கேட்கட்டுமேன்னுதான்..."

"கேட்டாங்க. கேட்டவங்க எல்லாம் முடி வெட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க."