வாய் வரையாத ‘போ’

“இந்தச் சீன எழுத்தை ‘இழு’ என்று படிக்காதே, இடது பக்கம் குட்டியாக ஒரு கட்டம் இருக்கிறதே, அதுதான் வாய்.”

“வாய் இல்லாவிட்டால்?” என்றாள் ஸ்வர்ணா.

“அப்போது அது வெறும் ‘இழு’தான். வாய் சேர்ந்தால் அர்த்தம் கழன்றுவிடும், ‘லா’ என்கிற சத்தம் மட்டும் மிஞ்சும். அது வாக்கியத்துக்கு வால். எங்கள் கான்டனீஸில் வால் இல்லாமல் பேசினால் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும்,” என்று சிரித்தபடி, ஹாங்காங்கிலிருந்து அம்மா அனுப்பிய மெசேஜை கா-யான் மறுபடி காட்டினாள். வரிக்கு வரி குட்டிக் குட்டி வாய்கள்.

ஸ்வர்ணாவுக்கு அந்தக் கட்டங்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, இந்தக் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட் ஆபீஸில் அவளோடு சாப்பிட உட்காருகிற ஒரே ஆள் கா-யான், டப்பாவைக் கழுவ அவளும் எழுந்து போய்விட்டாள், மேஜையில் ஸ்வர்ணாவின் ஃபோன் மட்டும், அதில் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து அவள் கணவன் நெடுஞ்செழியன், ‘அபார்ட்மென்ட் ஒரு வருஷ லீஸ், சைன் பண்ணட்டுமா?’, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்... அன்றைக்கும் இப்படித்தானே கேட்டான், டெக்சாஸ் ஆஃபர் வந்துருச்சு, போகவா என்று, மீட்டிங்கில் மேஜைக்கடியில் ஃபோனை வைத்து அவள் அடித்தது ‘seri po’, அவ்வளவுதான், ஆனால் மனசுக்குள் அது அப்படியா இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓவை இழுத்து, சரி போ... படம் பார்க்கும்போது அவன் தூங்கிப்போனால் சொல்வாளே, கடைசி முறுக்கை அவனே தின்றுவிட்டால் சொல்வாளே, உடனே நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்து “என்னடி, கோவமா?” என்பானே, அந்தப் போ. அதற்கு ‘கிளம்பு’ என்று யாராவது அர்த்தம் பார்ப்பார்களா? பக்கத்தில் ஒரு வாய் வரைந்திருந்தால் தெரிந்திருக்குமோ? அன்றைக்குச் சாயங்காலம் மைசூர்பாகோடு வந்து நின்றான், அக்செப்ட் பண்ணிட்டேன், நீதான் ஓகே சொல்லிட்டியே என்றான், அவளும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள், ஏன் ஒன்றும் சொல்லவில்லை, தானாகவே அவனுக்குக் கேட்கும் என்று நினைத்தாளா, இரண்டு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளா...

ஆனால் நாலு வருஷம், நாலு வருஷமாக அந்தப் போவைக் கேட்டவன், எழுத்தில் பார்த்தால் மட்டும் அடையாளம் தெரியாதா? தெரியவில்லையா, இல்லை, ஃபோனில் குரல் இல்லாதது அவனுக்குச் சௌகரியமாகப் போயிற்றா? இப்படி ஒரு கேள்வி தனக்குள் இருந்ததே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ‘வேண்டாம்’ என்று அடித்தாள், அது ஆபீஸ் மெயில் மாதிரி இருந்தது, அழித்தாள். மைக்கை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிகள் ஓடின, பின்னால் யாருடைய சாப்பாட்டுக்கோ மைக்ரோவேவ் கத்தியது, ஆறு, ஏழு...

“செழியா... சைன் பண்ணாதயேன்.”