கடைசியில் நின்ற கேபிள் டை

வண்டியின் முகப்பில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஆசீர் மாமாவின் கையிலிருந்து சணலைப் பிடுங்கினாள் ரேச்சல்.

“இதுல வேண்டாம் மாமா. வேற வண்டி சொல்லுவோம்.”

ஆசீர் மாமா அம்மாவுடைய அண்ணன். சாவு விழுந்த துட்டி வீடென்றால் ஆளைக் கேட்காமலே எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொள்கிறவர்.

“ஏளா, ஒங்கப்பாவுக்குன்னு நீயே செஞ்ச வண்டி. இதுல போகாம வேற எதுல போவாவ? நாலு மணிக்குப் பெட்டிய எடுக்கணும். நீ உள்ள போய் அம்மா பக்கத்துல இரி.”

சணலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மணி இரண்டேகால். பெட்டியும் தூக்குகிற ஆட்களும் ஏறி வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டால், அவளுக்குத் தெரிய வேண்டியது அதன் பிறகு தெரியவே தெரியாது. அது இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் புரியும்.

அப்பா கிருபாநிதி, துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷம் இருந்தவர். அதில் முக்கால்வாசி நேரம் பைக்கில்தான் இருந்தார். கப்பலுக்கும் கஸ்டம்ஸுக்கும் அலைந்த ஆள், முதுகெலும்பில் புற்றுநோய் வந்தபின் ஏழு மாதம் கட்டிலிலும் வீல்சேரிலுமாகக் கிடந்தார். “எலும்பு அப்பளமாட்டம் ஆயிட்டு. ஆட்டோவுல ஏத்தீராதீங்க, குலுங்கவே கூடாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரேச்சல் ஓசூரில் வண்டிக் கம்பெனி ஒன்றில், குலுக்கலைத் தாங்குகிற சஸ்பென்ஷன் டிசைன் செய்கிறவள். மூன்று மாதம் லீவு போட்டு வந்து, ஜெயகணேஷ் அண்ணாச்சியின் பட்டறையில் ஒரு பழைய லோடு வேனின் பின்பாதியை வெட்டித் தரையைக் கீழே இறக்கினாள். வீல்சேர் அப்படியே உருண்டு ஏற வேண்டும்.

தரையை இறக்கியதும் சக்கரத்தின் பக்கத்தில் ஸ்பிரிங் நிற்க இடமில்லாமல் போயிற்று. அதனால் ஸ்பிரிங்குகளை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டிக்குள் படுக்க வைத்தாள். சக்கரம் மேடேறினால் புஷ்ராடு என்ற தண்டு தள்ளும். ராக்கர் என்ற முக்கோணத் தகடு திரும்பும். தகடு திரும்பி ஸ்பிரிங்கை அமுக்கும். ராக்கரில் தண்டு மாட்ட இரண்டு துளைகள் வைத்திருந்தாள். ஒன்றில் மாட்டினால் ஓட்டம் கெட்டியாக இருக்கும், மற்றதில் மெத்தென்று இருக்கும். அவள் போட்ட கணக்கு கெட்டித் துளையைத்தான் சொன்னது. ஆபீஸில் என்றால் கணக்கு சொன்னபடி மாட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். இங்கே அப்பாவின் முதுகை நினைத்தாள், மெத்துத் துளையில் மாட்டினாள். மெத்து அதிகமானால் பெரிய பள்ளத்தில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி இரும்போடு இரும்பு மோதும். அது அவளுக்குத் தெரியாததல்ல.

நேற்றுச் சாயங்காலம் முதல் ஓட்டம். தம்பி பெவின் ஓட்டினான், அவள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பத்தே நிமிஷம், நடக்கிற வேகம். சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளத்தில் பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பிரிங் முட்டியதா, வீல்சேர் உருண்டு ஏறுகிற ஏற்றுப்பலகை ஆடியதா? “நல்லா இருக்குளா” என்றார் அப்பா. வலித்தாலும் அவர் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அதைக் கண்டுபிடிக்க வழி இருந்தது. ஸ்பிரிங்கோடு சேர்ந்து அமுங்குகிற ஒவ்வொரு ஷாக் அப்சார்பரின் கம்பியிலும் ஒரு கேபிள் டையை, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவை, இறுக்கிவிட்டிருந்தாள். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது டையைத் தள்ளிவிடும், டை அங்கேயே நிற்கும். பாதியில் நின்றால் பழுதில்லை, கடைசியில் நின்றால் இடித்திருக்கிறது. பெவினுக்கும் அதைக் காட்டியிருந்தாள். காலையில் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்றுப்பலகைக்குக் கீல் வாங்கப் பட்டறைக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு அவள் திரும்பியபோது அப்பா பசிக்கிறது என்று தோசை கேட்டுக்கொண்டிருந்தார். விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

அப்போதிருந்து மூன்று முறை வாசலுக்கு வந்தாள். மூன்று முறையும் ஒரு சித்தியோ அத்தையோ கட்டிப்பிடித்து அழுது, அவளை உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பெண் பிள்ளை துக்கம் தாங்காமல் வாசலுக்கும் நடைக்குமாக அலைகிறது என்று பேசிக்கொண்டார்கள். துக்கம் ஒரு பக்கம் இருந்தது. நான்தான் கொன்றேனா என்ற கேள்வி அதைக் கிட்டவே வரவிடவில்லை.

ஆசீர் மாமா போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். ரேச்சல் பின்பக்கமாக வண்டிக்குள் ஏறி, வீல்சேர் நின்ற இடத்தில் குப்புறப் படுத்துத் தகரப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். போன் வெளிச்சத்தை அடித்தாள்.

இடது பக்கத்து டை கடைசியில் நின்றது. வலது பக்கத்து டையும் கடைசியில் நின்றது.

அந்தப் பள்ளத்தில் அப்பாவின் கை வீல்சேர்ப் பிடியில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. அவள் சத்தத்தைத்தான் கவனித்திருக்கிறாள், அப்பாவைக் கவனிக்கவில்லை.

“அக்கா.”

பெவின் ஏற்றுப்பலகையின் மேல் நின்றான். காலேஜ் இரண்டாம் வருஷம், ஆறடி உயரம். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வீடே அவனைப் பற்றித்தான் கவலைப்பட்டது.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாட்ட சொல்லிராத.”

“சொல்லுலே.”

“நேத்து நீ பட்டறைக்குப் போன பெறவு, அப்பா இன்னொரு ரவுண்டு போவோம்னாவ. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னாவ. ரெண்டாம் ரயில்வே கேட்டு வரைக்கும் போனோம்.”

ரேச்சல் தலையைத் திருப்பவில்லை.

“மெதுவாத்தான் போனேன். ‘ஏம்லே பொணத்த ஏத்திட்டுப் போற மாதிரி ஓட்டுத? முடுக்கு’ன்னாவ. முடுக்குனேன். தண்டவாளத்துல தூக்கிப் போட்டுட்டு க்கா. நான் பயந்துபோய் திரும்பிப் பாத்தா, சிரிக்காவ.”

“பெறவு?”

“‘இன்னொருக்க ஏத்துலே’ன்னாவ.”

“ஏத்துனியா?”

“மூணு தடவ.”

அவளுக்குக் கோபம் பொங்கியது. எலும்பு அப்பளம் என்று டாக்டர் சொன்னபோது இவனும் பக்கத்தில்தானே நின்றான்! எழுந்து ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கோபத்துக்கு நடுவில், தண்டவாளத்தில் தூக்கிப்போட்டு அப்பா சிரித்ததைத் தான் பார்க்கவில்லையே என்று பொறாமையும் வந்தது.

“‘எத்தன நாளாச்சுலே இப்பிடிக் குலுங்கி’ன்னாவ” என்றவன் ஏற்றுப்பலகையிலேயே உட்கார்ந்தான். “அதுலதான் போயிட்டாவளா க்கா? ஒனக்குப் பாத்தாத் தெரியும்லா. அந்த டை எங்கன நிக்கி?”

எந்த இடியில் டை கடைசிக்குப் போனது? பள்ளத்திலா, தண்டவாளத்திலா? இனி யாராலும் சொல்ல முடியாது. மெத்துத் துளையில் மாட்டியது அவள், முடுக்கியது அவன், முடுக்கச் சொன்னது அப்பா. அவளுக்கு விடை வேண்டியிருந்தது. அவனுக்கு இருபது வயது, இன்னும் எத்தனையோ வருஷம் வண்டி ஓட்ட வேண்டியவன்.

உடம்பால் மறைத்துக்கொண்டு, கட்டைவிரலால் இடது டையைத் தள்ளினாள். இறுக்கமாகத்தான் இருந்தது, பாதி வரை வந்தது. வலதையும் தள்ளினாள்.

“நீயே வந்து பாரு.”

அவன் தவழ்ந்து வந்து பக்கத்தில் படுத்தான். போன் வெளிச்சத்தில் வெகு நேரம் பார்த்தான்.

“பாதிதான் நிக்கி.”

“ஆமா, பாதிதான்.”

“அப்ப முட்டலயா?”

“இன்னும் பாதி கெடக்குல்லா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் கணக்குப் போட்டுத்தாம்லே செஞ்சேன்.”

பெவின் நெற்றியைத் தரையில் வைத்து அழுதான். அழுது முடியட்டும் என்று அவள் மூடியை மாட்டி ஒவ்வொரு நட்டாகத் திருகினாள். வெளியே இறங்கியதும், “இதுலயே கொண்டுபோவோம் மாமா” என்று ஆசீர் மாமாவிடம் சொன்னாள். அவர் ஏற்கெனவே இரண்டாவது மாலையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வாசல் பெஞ்சில் பக்கத்து வீட்டுச் சீனித்தாய் அக்கா, வந்தவர்களுக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தாள். பெவின் போய்த் தட்டை நீட்டினான். மூன்று இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டு நாலாவதுக்கு நீட்டினான். “மெதுவாத் தின்னுய்யா” என்றாள் சீனித்தாய் அக்கா.

ரேச்சல் குழாயடிக்குப் போய்க் கட்டைவிரலைத் தேய்த்தாள். கிரீஸ் சோப்புக்கு மசியவில்லை. விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.