ஹரி எடுத்த பதினேழு படங்கள்

ஹரியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், மலையடிவாரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் அவனுடைய கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தவள் அவன் அக்கா பூங்கொடி. லென்ஸ் நொறுங்கியிருந்தது. தோள்வாரில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. உள்ளே பிலிம் சுருள் மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

கோவில்பட்டியில் கழுவக் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் பேச்சாகிவிடும். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ராஜமணியின் மகனை யானை மிதித்துக் கொன்றது என்று பேப்பரில் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதனால் பூங்கொடி தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனாள். ஜங்ஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, காத்திருந்து வாங்கினாள். கவரை நீட்டும்போது கடைக்காரர், "இதெல்லாம் எடுத்தது யாரும்மா?" என்று கேட்டார்.

"என் தம்பி."

அவர் அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கவரைப் பிரித்தாள். முதலில் ஓடை, கூடாரம், கூட வந்தவர்கள், ஒரு மலை அணில். அதன் பிறகு பதினேழு படங்கள், எல்லாம் ஒரே யானை.

முதல் படத்தில் அது தண்ணீருக்கு அந்தப்பக்கம் கட்டைவிரல் அளவில் நின்று புல் மேய்ந்தது. இடது காதின் கீழ்ப்பகுதி, ஆடு கடித்த இலை மாதிரிக் கிழிந்திருந்தது. ஐந்தாவது படத்தில் மேய்ச்சலை நிறுத்திவிட்டது. தும்பிக்கையைத் தூக்கி, நுனியை இந்தப்பக்கம் திருப்பி மோப்பம் பிடித்தது. எட்டாவதில் ஓரத்தில் ஒரு கை தெரிந்தது. காக்கிச் சட்டைக் கை. எதையோ பிடித்து இழுக்கும் அவசரத்தில் விரல்கள் கலங்கலாகப் பதிந்திருந்தன. ஒன்பதாவதில் யானை இரண்டு காதையும் முறமாக விரித்துத் தலையை உயர்த்தியிருந்தது. பதினொன்றில் வெறும் புழுதி. யானை பத்துத் தப்படி ஓடிவந்து நின்றிருக்கிறது. பன்னிரண்டில் பழையபடி பின்னால் போய்விட்டது. எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் திரும்பியிருப்பான். பதினான்காவதில் நாலு பெரிய கால்களுக்கு நடுவில் சின்னதாக இன்னும் இரண்டு கால்கள் தெரிந்தன. குட்டி.

பதினாறில் நெற்றி மட்டும். பதினேழில் யானையே இல்லை. சாய்ந்து கிடந்த வானமும் நாலைந்து புல் நுனியும்தான்.

பூங்கொடி விலங்கியல் டீச்சர். அந்தப் படங்களைப் புரிந்துகொள்ள அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போ, போ என்று அந்த யானை தன்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்திருக்கிறது. ஹரி ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எட்டு முன்னால் வைத்திருக்கிறான்.

வீட்டில் ராஜமணி வேறு கதை வைத்திருந்தார். ஹரி தொண்டராகப் போன காட்டு விலங்குக் கணக்கெடுப்பில், கூட வந்த வனத்துறை வாட்சர் சோலை குடித்திருந்தான், மகனைத் தனியாக விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்பது அந்தக் கதை. யார் கிளப்பிய பேச்சோ, அவருக்கு அது பிடிமானமாகிவிட்டது. அந்த யானையைச் சுட வேண்டும், வாட்சரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டும் என்று மனுமேல் மனுவாக எழுதினார். யானை விஷயம் நடக்கவில்லை. தினக்கூலி வாட்சரை நிறுத்துவதற்கு என்ன பாடு? செங்காட்டுப்பாறை ரேஞ்ச் ஆபீஸில் அடுத்த மாதமே சோலையை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பூங்கொடிக்கு இது தெரியும். தெரிந்தும் அவள் படங்களை வெளியே எடுக்கவில்லை. பள்ளிக்கூட லேபில், தவளையும் பாம்பும் மிதக்கும் கண்ணாடிக் குப்பிகளுக்குப் பின்னால் கவரைச் செருகிப் பீரோவைப் பூட்டினாள். காட்டினால் தம்பி தன் சாவைத் தானே தேடிப் போனான் என்றாகும். ஏன் போனான் என்ற கேள்வி அடுத்து வரும்.

அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. முந்தின தீபாவளிக்கு ஹரி தன் காட்டுப் படங்களை ஆல்பமாகப் போட்டு வைத்திருந்தான். எல்லாம் தூரத்திலிருந்து எடுத்தவை. விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் பூங்கொடி ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, "ஏலே ஹரி, இது ஆனையா, ஆத்துல கிடக்க பாறையா? பூதக்கண்ணாடி வச்சுல்லா பாக்கணும்!" என்றாள். வீடே சிரித்தது. அவனும் சிரித்தான். "இரு, அடுத்த தடவை ஒன் மூஞ்சிக்கு நேரா கொண்டுவாரேன்" என்றான்.

இரண்டு வருஷம் அந்தச் சிரிப்பு அவளை விடவில்லை. தவளையின் இதயத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் கேமரா 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும். திரும்பினால் பிள்ளைகள் பேனா மூடியைப் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை பரீட்சை மேற்பார்வைக்குப் பசுவந்தனை போனபோது, உச்சிவெயிலில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்துக் கிடந்த கரிசல். கானல் அலையடிக்கும் தூரத்தில் காதை விரித்துக்கொண்டு ஒன்று நின்றது. கிட்டே போனதும் ஒற்றை உடைமரம். பக்கத்தில் இருந்த அம்மாள், "என்னம்மா இப்படி வேர்க்குது ஒனக்கு?" என்று முந்தானையால் விசிறிவிட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்று ஜனவரியில், திருநெல்வேலியில் டீச்சர்களுக்குப் பயிற்சி என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பூங்கொடி கணக்கெடுப்புக்குப் போனாள். அதே மலை, அதே முகாம். காட்டுக்குள் ஜீப் ஏறியதும் வெயில் அறுந்துபோனது. பொட்டல்காட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பச்சை மூச்சுமுட்டியது. மரத்தின்மேல் மரம் முளைத்த மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று எங்கிருந்தோ பார்த்துக்கொண்டும் இருந்தது.

முகாமில் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஆள் அவளைக் கண்டதும் மூட்டையோடு நின்றுவிட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான தேகம்.

"நீங்க ஹரி சாருக்கு அக்காதான? அதே கண்ணு" என்றான். "நாந்தாம்மா சோலை. இப்பம் வாழைத்தோப்புல கூலிக்குப் போறேன். இந்த மூணு நாளைக்கு மட்டும் சுமை தூக்கக் கூப்புடுவாவ."

பூங்கொடி கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். அவனே பேசினான்.

"நான் குடிக்கல டீச்சர். அது பொய். ஆனா ஓடுனேன். அது மெய்தான். கையப் புடிச்சு இழுத்தேன், உதறிட்டாவ. 'இன்னும் ஒண்ணே ஒண்ணு, சோலை'ன்னாவ. ஆனை ரெண்டாந்தடவ வந்தப்ப எனக்குக் கால் நிக்கல, ஓடிட்டேன். திரும்பிப் பாக்கையில அவியளக் காணல."

"அந்த இடத்தைக் காட்டுவீங்களா அண்ணே?"

சோலை மலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "எதிர்ச் சரிவுல இருந்து காட்டுதேன். தண்ணிக்கிட்ட கூட்டிட்டுப் போவமாட்டேன். பேசக்கூடாது. நான் எந்திரின்னா எந்திரிச்சிரணும்."

மறுநாள் வனத்துறை கார்டு ஒருவரும் கூட வர, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினார்கள். சோலை மடியில் ஒரு சின்னத் துணி முடிச்சு வைத்திருந்தான். அதில் அடுப்புச் சாம்பல். அடிக்கடி அதைத் தட்டுவான். சாம்பல் எந்தப்பக்கம் பறக்கிறது என்று பார்ப்பான். காற்று அவர்கள் முகத்தில் அடிக்கிற மட்டும்தான் நடந்தான். கையைக் கழுத்தில் வைத்தால் நிற்க வேண்டும், இறக்கினால் நடக்க வேண்டும். வழியில் கருமந்திக் கூட்டம் ஒன்று பழம் தின்றுகொண்டிருந்தது. அவை கலைந்து கத்திவிடக் கூடாது என்று மூவரும் வளைந்து சுற்றிப் போனார்கள்.

ஹரி செத்த இடத்துக்கு மஞ்சணத்திக் கசம் என்று பெயர். ஆற்று மடுவை அந்த மலையில் கசம் என்பார்கள். எதிர்ச் சரிவில் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். கீழே முந்நூறு அடியில் தண்ணீர். தண்ணீரை ஒட்டிப் புல். படத்தில் பார்த்த அதே புல்.  சோலை விரலால் ஓர் இடத்தைக் காட்டினான். அங்கே ஒன்றுமே இல்லை. நாணல் பூத்திருந்தது.

ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே இருந்தார்கள். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியதைக்கூட அவள் தட்டிவிடவில்லை. பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல் யானைகள் வந்தன. அத்தனை பெரிய உடம்புகள் ஒரு சருகைக்கூட நொறுக்காமல் எப்படி வந்தன என்று அவளுக்குப் புரியவில்லை. ஐந்து யானைகள். நடுவில் இருந்ததன் இடது காது கிழிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு மூன்று வயதுக் குட்டி ஒன்று தண்ணீரைத் தும்பிக்கையில் உறிஞ்சி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதியைச் சிந்திக்கொண்டிருந்தது. கிழிந்த காதுக்காரி நாணல் பூத்திருந்த அந்த இடத்திலேயே நின்று, புல்லைப் பிடுங்கி, வேர்மண்ணை முன்னங்காலில் தட்டித் தட்டித் தின்றது.

பூங்கொடி இரண்டு வருஷமாக அதன்மேல் கோபப்படப் பார்த்திருக்கிறாள். இப்போது நேரில் பார்க்கையில் கோபம் வரவில்லை. மன்னிப்பு என்ற பேச்சும் அங்கே பொருந்தவில்லை. அதற்கு ஹரி யாரென்றே தெரியாது. குட்டி சிந்தியதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதே மூச்சில் அழுகையும் முட்டியது.

அவளுக்கு இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். பாறைக்குக் கீழே ஒரு தட்டு இருந்தது. அங்கே இறங்கினால் நன்றாகத் தெரியும். ஓர் எட்டுதான். அவளை அறியாமல் கை பாறையில் ஊன்றியது, முழங்கால் எழுந்தது.

சோலை தட்டிய சாம்பல் பின்பக்கமிருந்து அவள் தோளைத் தாண்டிப் பறந்தது. காற்று மாறிவிட்டது.

கீழே கிழிந்த காதுக்காரி மேய்ச்சலை நிறுத்தியது. தும்பிக்கையைத் தூக்கி, நுனியைச் சரிவுப் பக்கம் திருப்பியது. ஐந்தாவது படம். அச்சு அசலாக அதே படம்.

"எந்திரிங்க" என்றான் சோலை, உதடு மட்டும் அசைய. அவன் அவள் கையைப் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நின்றான். ஹரி உதறிவிட்ட கைகள் அவை. இந்தத் தடவை ஓடவும் இல்லை.

பூங்கொடிக்குத் தம்பியை அப்போதுதான் புரிந்தது. யாரோ கேலி பேசியதற்காக மட்டும் ஒருவன் ஐந்தாவதுக்கு அப்புறமும் பன்னிரண்டு படங்களை எடுத்திருக்கமாட்டான். அந்த விலங்கின் முன்னால் கால் தானாக நடக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாள். கண்ணைத் திறந்து வைத்திருந்தால் திரும்பியிருக்கமாட்டாள். முகாம் வந்து சேரும்வரை பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோவில்பட்டி வந்த அன்றே பீரோவைத் திறந்து கவரை எடுத்தாள். ராஜமணி தீப்பெட்டி ஆபீஸில் தன் அறையில் இருந்தார். மேசையில் பதினேழு படங்களையும் வரிசையாக வைத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எட்டாவதில் விரல் நின்றது.

"இந்தக் கை ஆரு கை?"

"சோலையோட கைப்பா."

கடைசிப் படம்வரை பார்த்தார். அறைக்கு வெளியே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு குச்சி அடுக்கினார்கள்.

"இத எத்தன நாளா வச்சிருக்க?"

"ரெண்டு வருசமா." தீபாவளியன்று ஆல்பப் படத்தைக் காட்டித் தான் செய்த கேலியையும் சொன்னாள். 

"போடி வெளிய" என்றார் ராஜமணி, சத்தமில்லாமல்.

இரண்டு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. ஆனால் அந்த வாரமே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, எட்டாவது படத்துக்குப் பிரதி போட்டு இணைத்து, செங்காட்டுப்பாறைக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறார். ஜூன் மாதம் சோலையை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். இதைச் சோலை போன் பண்ணிச் சொல்லித்தான் பூங்கொடிக்கே தெரியும்.

அடுத்த ஜனவரியில் கணக்கெடுப்புக்குப் போக அவள் பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ராஜமணி வாசலில் வந்து நின்றார். "நானும் வாரேன்" என்றார்.

அறுபத்தாறு வயசு. மலையில் சோலை அவருக்காக மெதுவாக நடந்தான்.  ஏற்றத்தில் ஒரு தடவை அவர் தடுமாறியபோது சோலை கையை நீட்டினான். ராஜமணி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்று, பிறகு பிடித்துக்கொண்டார். சரிவு வரும்வரை விடவில்லை.

அன்று யானைகள் வரவில்லை. வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மிளா மான் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. நாலு மணி வாக்கில், தண்ணீருக்கு அந்தப்பக்கம் மூங்கில் ஒன்று முறிந்தது. அப்புறம் இன்னொன்று, இன்னும் கிட்டத்தில். பிறகு எல்லாம் ஓய்ந்துவிட்டது. மறைவுக்குள் நின்றுகொண்டு எதுவோ அவர்களைக் கவனிப்பது மூன்று பேருக்கும் தெரிந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை.

சோலை சாம்பலைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான். "போயிருவோம் முதலாளி. நாம இருக்கிற வரைக்கும் அது தண்ணிக்கு வராது. குட்டி தாகமா இருக்கும்."

ராஜமணி மூங்கில் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார். பூங்கொடி அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் வேட்டியில் ஒட்டிய சருகைத் தட்டிக்கொண்டு எழுந்து, அந்தப் புதர் இருட்டைப் பார்த்து, "நாங்க போறோம். நீங்க குடிங்க" என்றார்.

மூவரும் மேட்டில் பாதி தூரம் ஏறியபோது, கீழே தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது.