கறிக்கு மீன்

…இல்லை, ஓட்டை எண்ணெயில் இல்லை, அதில் ஒரு சொட்டும் வீணாகவில்லை, ஜாம் போத்தல் விளக்குக்குத் திரிகூட மெல்லிசாகத்தான் போட்டாள், செபம் முடிந்த கையோடு ஊதி அணைத்துவிடுகிறாள், பிறகு வெள்ளிக்கிழமையானால் காசு எங்கேதான் போய்த் தொலைகிறது? ஸ்ரெல்லா சுன்னாகம் சந்தைக்குள் வெங்காயச் சாக்குகளை விலத்தி விலத்தி நடந்தாள். புருஷன் தேவராசா இதே சந்தையில் மூட்டை சுமந்து சனிக்கிழமை கொண்டுவந்து தருகிற காசு, அரிசிக்கு இவ்வளவு, மாவுக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு என்று பழஞ்சீலைத் துண்டுகளில் தனித்தனி முடிச்சாக முடிந்துதானே வைக்கிறாள், விரலுக்குத் தக்க வீக்கம்தானே, சீனியை விட்டுப் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கப் பழகியாயிற்று, சவுக்காரத்தை மறந்தாயிற்று, மாமியின் வெத்திலையையும் குறைத்தாயிற்று… பாவம் லூர்த்தம்மா மாமி, ஒன்றைக் கிழித்து இரண்டு நேரம் போடுகிறா, நேற்று அதற்கும், "உங்கடை வாய் ஓயுதில்லை மாமி, என்ரை முடிச்சுத்தான் ஓயுது" என்று எரிந்து விழுந்தாளே, சீ, என்ன வாய் இது!

பொழுதுபடுவதற்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரி குணலட்சுமி காலையிலும் கேட்டுவிட்டா, "உந்த வலையை ஏன் சாக்குக்குள்ளை வைச்சு எலிக்குக் குடுக்கிறீர்? எங்கடை மிளகாய்க் கண்டுக்குத் தாருமன், கோழி கிளறுது, சும்மா கேக்கேல்லை, காசு தாறன்." காசு! இரண்டு கிழமைக்கு மூச்சு விடலாம். ஆனால் சண்டைக்குப் பயந்து கடற்கரைக் குருநகரை விட்டு ஓடிவந்த அன்று ஊரே சட்டி பானை தூக்க, அந்த மனுசன் தேவராசா மீன்வலையை அல்லவா தோளில் போட்டுக்கொண்டு வந்தார்… கடலுக்குப் போகத் தடை, போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனை பேர், இருந்தும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தால் வலையை விரித்து, அறாத கண்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாரே, அதையா கோழிக்கு மறைப்பாகக் கட்டுவது? கூடாது, ஓட்டையைக் கண்டுபிடித்தால் வலை தப்பும், எங்கே ஓட்டை, எங்கே…

கால் தானாக மீன் பக்கம் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் இந்த ஊர்ச்சனம் சைவம், அடுப்பில் மீன், மச்சம் ஏறாது, மீன்கார வின்சன்ற் சைக்கிள் பெட்டியில் மிஞ்சிய சூடை மீனைக் கூறு கூறாக வைத்து விலையை இறக்கியிருப்பான், மலிவுதானே என்று அரிசி முடிச்சை அவிழ்த்தவள் நின்றாள். அரிசி முடிச்சா? செவ்வாய்க்கிழமை மா முடிச்சு. போன வெள்ளி எண்ணெய் முடிச்சு. என்ரை மாதாவே, மீனுக்கு முடிச்சே இல்லையே! எப்படி இருக்கும், பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ மீனுக்குக் காசு கொடுத்தது யார், ஏலம் கூறுவதற்கு முன்னமே கறிக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்தபிறகுதானே மிச்சம் விலைக்குப் போகும்? காசு கொடுத்து வாங்கியது என்று தெரிந்தால் அந்த மனுசனுக்குத் தொண்டையில் இறங்குமா, அதனால்தானே ஒவ்வொரு தடவையும், கரையோரமாக வலை வீசுகிற நீக்கிலாப்பிள்ளை மாமா கொடுத்துவிட்டார் என்று பொய் சொல்லிச் சட்டியில் போடுகிறாள்… சரி, ஓட்டை கண்டாயிற்று, மற்றவற்றில் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி மீனுக்கும் ஒரு முடிச்சுப் போட்டால் போதும், வலையை விற்க வேண்டாம். ஆனால் மீனுக்கு முடிச்சுப் போட்ட வீட்டில் வலை எதற்கு?

"என்னக்கா யோசிக்கிறியள்? அண்ணையும் காலமை உதிலைதான் யோசிச்சுக்கொண்டு நிண்டவர்" என்றான் வின்சன்ற்.

"ஆர், இவரோ?"

"ஓம். கூறு என்ன விலையெண்டு கேட்டார். ஒரு சூடையைத் தூக்கிச் செவுளைப் பாத்திட்டு வைச்சிட்டுப் போட்டார். போன கிழமையும் வந்தவர்."

போன கிழமையுமா… போன வெள்ளி விரலைச் சூப்பிக்கொண்டு, "மாமான்ரை கை ராசியான கை" என்று சொன்னாரே, சிரித்தாரே, இவளும் கூடச் சிரித்தாளே, அப்போதே அது விலை கொடுத்து வாங்கிய மீனென்று தெரியுமா, தெரிந்துகொண்டா கோப்பையை வழித்துத் தின்றார், யாருக்காக? வின்சன்ற் கூறை அள்ளிக்கொண்டு பையை விரிக்கச் சொல்லிக் கை நீட்டுகிறான், அரிசி முடிச்சு அவிழ்ந்தபடி இருக்கிறது, இன்றைக்கும் மாமாவின் பெயரைச் சொல்வதா, விலையைச் சொல்வதா?