ரோதமுனிக்குப் பின்னால் ஒரு பேரிங்

வழியில் நின்ற இருவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிய அஜந்தன், சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். தேயிலையை உலர்த்தும் ட்ரையரின் ராட்சதக் காற்றாடி முனகிக்கொண்டே ஓய்ந்தது. அடுத்த மூச்சில், உலையில் எரியும் விறகை வெளியே இழுத்துப் போடச் சொல்லிக் கத்தினான்.

காலை பத்தரை மணி. அரைத்த கொழுந்து குவியல் குவியலாகக் காத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் ட்ரையரில் ஏறாவிட்டால் அத்தனையும் புளித்துவிடும்.

மெஷின்களின் அதிர்வை மீட்டரால் அளந்து டெப் என்னும் கைக்கணினியில் பதிவதும், எது எப்போது பழுதாகும் என்று முன்கூட்டியே சொல்வதும்தான் அஜந்தனின் வேலை. ஏழு மாதமாக வாராவாரம் இந்த பெல்மதுளைப் பக்கத்து பெக்டரிக்கு வருகிறான். அவனை அனுப்பும் கம்பெனி வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வர இருந்தது.

அவனை ஓட வைத்தது மீட்டர் அல்ல. ட்ரையர் பார்க்கும் காத்தமுத்து சற்றுமுன் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு சங்கதி. சக்கரங்களைக் காக்கும் ரோதமுனிக்குக் காற்றாடியின் பின்புறம்தான் இடம். அங்கே காத்தமுத்து ஏற்றிவைக்கும் விளக்கு மூன்று நாளாகத் தானாக நகர்ந்து போய்க் கீழே விழுகிறதாம்.

"முனி கோவமா இருக்காருங்க தம்பி. சேவல் கேக்குறாரு போல," என்றார்.

அஜந்தனுக்குச் சட்டென்று புரிந்தது. விளக்கை நகர்த்துவது முனி அல்ல, அதிர்வு. காற்றாடியின் அச்சைத் தாங்கும் பின்பேரிங் உடைந்தால் காற்றாடித் தகடு சுவரைப் பிளந்துகொண்டு போகும். சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு பெண்கள் தேயிலை சலித்துக்கொண்டிருந்தார்கள்.

பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஜுனைதீன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். டெப்பை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தார். பின்பேரிங்கின் அதிர்வு: போன வெள்ளி 2.9, அதற்கு முந்தின வாரம் 2.8. நல்ல ஆரோக்கியம்.

"மீட்டர் பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

"கழட்டிப் பாப்போம் சேர்."

"சரி, கழட்டு. உள்ளுக்கு ஒண்டும் இல்லாட்டி திங்கக்கிழமை உனக்கு வாறது வேற கடிதம்."

மூடியைக் கழற்றினார்கள். பேரிங் சூட்டில் நீலம் பாரித்து, உள்வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஜுனைதீன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சூடு தாங்காமல் கையை உதறினார். பிறகு சலிப்பறைப் பக்கச் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு, அஜந்தனின் தோளைத் தட்டினார். ஸ்டோரில் இருந்த மாற்றுப் பேரிங் ஏறியது. ஐம்பதாவது நிமிடம் காற்றாடி மறுபடி சுழன்றது. கொழுந்து தப்பியது.

காத்தமுத்து தப்பவில்லை.

ஜுனைதீன் கணக்குப் போட்டார். போன வெள்ளிக்கிழமை நன்றாக இருந்த பேரிங் இந்த வெள்ளிக்கிழமைக்குள் இப்படி வெடித்தால், கிரீஸ் போடவில்லை என்றுதானே அர்த்தம்? கிரீஸ் போடுவது காத்தமுத்து. இன்றே தோட்டத்து ஒபிசுக்கு எழுதப்போவதாகச் சொன்னார். நாளை முதல் அவருக்கு பெக்டரியில் இடமில்லை. மலையில் புல்வெட்டத்தான் போக வேண்டும். பத்தொன்பது வருஷ வேலை.

"ரெண்டு நாளைக்கு ஒருக்கா போடுறேனுங்க ஐயா. முனி சாட்சி."

"முனியக் கூப்பிட்டு வெசாரிக்க ஏலாது காத்தமுத்து. டெப்ப வெசாரிக்கலாம். அதுல 2.9 எண்டு இருக்கு."

காத்தமுத்து கையிலிருந்த கிரீஸை இடுப்புச் சாரத்தில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். அஜந்தனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜுனைதீன் எழுதத் தொடங்கியிருந்தார். சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளை அஜந்தன் பக்கம் திருப்பினார்.

அஜந்தன் பேனாவை வாங்கவில்லை.

"இத எழுதாதீங்க சேர்."

"ஏன்?"

"முனி இருக்கிற எடத்துக்குள்ள சப்பாத்தோட போனா இங்க யாரும் விட மாட்டாங்க. பெக்டரிக்குள்ள பாதுகாப்புச் சப்பாத்தக் கழட்டினா எங்க கம்பெனி விடாது. அதனால முன்பேரிங்க மட்டும் அளந்து, அதுல கொஞ்சம் கூட்டிக் கொறச்சு பின்பேரிங்குக்குப் போட்டுட்டேன்."

ஜுனைதீன் டெப்பை மெல்ல மேசையில் வைத்தார். "எத்தன தடவ?"

"ஏழு மாசமும் சேர். அந்தப் பேரிங்க நான் ஒரு தடவகூட அளக்கல."